பிறந்தநாளை விழுங்கிய கோடு

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, கப்பலில், விருந்தும் இசையுமாகத் தம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பும் செல்வர் ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்துவார்களாக. அவர் ஹவாய்த் தீவுகளிற் கப்பலேறி, நியூஸிலாந்தை நோக்கித் தென்மேற்கே செல்கின்றார். இன்று வியாழக்கிழமை, மாதத்தின் பதினோராம் தேதி. பொழுது விடிந்தால் பன்னிரண்டு. அவர் பிறந்த நாள். நண்பர்கள் பரிசுப் பொருள்களை ஒளித்து வைத்திருக்கின்றனர். அவர் உறங்கி எழுந்து, புத்தாடை உடுத்து, மேல்தளத்துக்கு வந்து அறிவிப்புப் பலகையைப் பார்க்கின்றார். அதிலே சனிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி என்று எழுதப்பட்டிருக்கின்றது. வெள்ளிக்கிழமையைக் காணோம்! உறங்கியது ஓர் இரவுதான்; நாட்காட்டியிலோ இரண்டு தாள்கள் கிழிக்கப்பட்டுவிட்டன.

அதே செல்வர் நியூஸிலாந்திலிருந்து ஹவாய்க்குத் திரும்பி வருவாராயின், வேறொரு புதுமை நிகழக்கூடும். வெள்ளிக்கிழமை விருந்துண்டு உறங்கி எழுந்தால், மறுநாளும் வெள்ளிக்கிழமையே; தேதியும் பன்னிரண்டே. ஒரே ஆண்டில் இரண்டு பிறந்தநாள்!

இஃது எவருடைய பிழையுமன்று. கப்பல் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தது, அவ்வளவே. கடலில் அக்கோட்டைக் கண்டவர் எவருமிலர். அவ்விடத்தில் நீரின் நிறம் மாறுவதில்லை. அலை ஒதுங்கி வழிவிடுவதில்லை. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே, ஏறத்தாழ 180-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, வடக்குத் தெற்காகத் தேசப்படத்தில் மட்டும் அது வளைந்து வளைந்து செல்கின்றது.

இதனை ஒரு வேடிக்கையென்று கருதிச் சிரித்துவிட்டுப் போகலாம். நாமும் பள்ளியில் இங்கிலீஷிலே பூகோளம் படித்த காலத்தில் அங்ஙனமே செய்தோம். ஆனால், அண்மையில் நமது தோட்டக் காரியாலயத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் இதனை மீண்டும் எண்ணச் செய்தது. அதனை ஈற்றிற் கூறுவோம். நாள் என்பது சூரியன் நமக்கு அளிப்பதா, மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடா? ஏற்பாடாயின், அதனைச் செய்பவர் யார்? யாருடைய நன்மைக்காகச் செய்கின்றனர்? சரித்திரத்தைக் கேட்டால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

முதலில் இதன் காரணத்தை அறிவோம். பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கு 24 மணி நேரமாகின்றது. ஒரு சுற்று என்பது 360 பாகை. ஆகவே ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம். மேற்கே செல்லும் கப்பல் சூரியனைப் பின்தொடர்ந்து செல்கின்றது. ஆதலின் அக்கப்பலில் உள்ளோர்க்கு ஒரு நண்பகலுக்கும் மறு நண்பகலுக்கும் இடையே 24 மணிக்குச் சற்று மேற்பட்ட நேரம் கிடைக்கின்றது. ஒரு பாகை கடந்தால் 4 நிமிஷம் மிகுதி. 15 பாகை கடந்தால் ஒரு மணி மிகுதி. கப்பலில் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே தள்ளிக்கொண்டே போகின்றனர். உலகத்தை முற்றும் சுற்றி முடிக்குங்கால், இவ்வாறு பெற்ற நிமிஷங்களெல்லாம் சேர்ந்து 24 மணி நேரமாகிவிடும்.

நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் உலையரிசியில் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் இட்டு வைப்பதுண்டு. ஒரு பிடி கணக்கிற்படுவதில்லை. மாத முடிவில் கலயம் நிறைந்திருக்கும். மேற்கே செல்லும் மாலுமி இவ்வாறு பிடி பிடியாக நேரத்தைப் பெற்றுவிடுகின்றான். ஒவ்வொரு நாளையும் சிறிது நீட்டி வாழ்ந்தவன், அந்நீட்சிகள் ஒரு நாளளவு ஆனபோது, தன் கணக்கில் ஒரு தேதியை விட்டுக்கொடுத்தாக வேண்டும். சில்லறையாக வாங்கிய கடனை மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது போன்றது இது. கிழக்கே செல்பவன் சிறிது சிறிதாக இழந்து, இறுதியில் ஒரு தேதியை இருமுறை பெறுகின்றான். இருவருக்கும் ஆயுளில் ஒரு விநாடிகூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் மாலுமிகள் என்று எண்ணுதல் கூடாது. சிரியா தேசத்து ஹமா நகரின் அரசரும் பூகோள நூலாசிரியருமான அபுல்ஃபிதா (1273-1331) தம் அறையில் அமர்ந்தே இதனைக் கணக்கிட்டார். ஒருவன் மேற்கே சென்று உலகைச் சுற்றி வருக. மற்றொருவன் கிழக்கே சென்று வருக. மூன்றாமவன் வீட்டிலேயே இருக்க. மூவரும் கூடும்போது மேற்கே சென்றவன் கணக்கில் ஒரு நாள் குறைந்தும், கிழக்கே சென்றவன் கணக்கில் ஒரு நாள் கூடியும் இருக்கும் என்று அவர் எழுதினார். அக்காலத்தில் உலகைச் சுற்றி வந்தவர் ஒருவருமிலர். சிந்தனை கப்பலுக்கு முன்னே சென்றது.

கப்பல் பின்னே சென்றது 1519-இல். ஸ்பெயின் மன்னரின் ஆதரவில், ஐந்து கப்பல்களுடன், இருநூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மகெல்லன் புறப்பட்டார். 1521 ஏப்ரல் 27-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் தீவுகளுள் ஒன்றாகிய மக்தானில் அவர் போரில் மாண்டார். எஞ்சியோருள் பதினெண்மர் மட்டுமே எல்கானோ என்பவரின் தலைமையில் ‘விக்டோரியா’ என்ற ஒரே கப்பலில் 1522 செப்டம்பர் 6-ஆம் தேதி ஸ்பெயினை அடைந்தனர். அவர்களுள் ஒருவர் பிகஃபெத்தா என்ற இத்தாலியர். அவர் ஒரு நாளும் தவறாது தினக்குறிப்பு எழுதி வந்தவர்.

ஊர் திரும்பும் வழியில், 1522 ஜூலை மாதம் 9-ஆம் தேதி புதன்கிழமையன்று, உணவு வேண்டி அவர்கள் கேப் வெர்டே தீவொன்றில் நங்கூரம் பாய்ச்சினர். கரைக்குச் சென்றவர்களிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டு வருமாறு பிகஃபெத்தா சொல்லியனுப்பினார். கரையில் இருந்தோர் வியாழக்கிழமை என்றனர். பிகஃபெத்தா திகைத்தார். நோயின்றி இருந்து நாள்தோறும் குறிப்பெழுதியவர்க்கு ஒரு நாள் எங்ஙனம் தவறும்? பின்னரே, தவறியது எதுவுமில்லை, மேற்கே மேற்கே சென்றதால் வந்த வேற்றுமையே இது என்று அவர் தெளிந்தார். ஸ்பெயின் நாட்டு அரசவையிலிருந்த பீட்டர் மார்ட்டர் என்ற சரித்திராசிரியர் இச்செய்தியைக் கேட்டு வியந்து, அங்கிருந்த வெனிஸ் தேசத்துத் தூதர் கொந்தாரினி என்பவரை வினவ, அவரும் இக்காரணத்தையே விளக்கினார். ஆனால் கப்பலில் வந்த பாமர மாலுமிகளின் நிலையைக் கருதுக. தாங்கள் வெள்ளிக்கிழமையென்று நோற்ற நோன்பெல்லாம் ஊராரின் சனிக்கிழமையில் நோற்றதாயிற்று. திருநாள்களெல்லாம் மறுநாளில் கொண்டாடியதாயிற்று. உயிர் பிழைத்து வந்த மகிழ்ச்சியிலும் இக்குறை அவர்கள் நெஞ்சில் உறுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இக்கப்பற் படையில் மலாய் உலகத்தவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் என்ரிக். 1511-இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய காலத்தில் மகெல்லனுக்கு அடிமையானவன். மகெல்லனுடைய மரண சாசனம் அவனை மலாக்காவில் பிறந்தவன் என்கின்றது. பிகஃபெத்தா அவனைச் சுமாத்திராவைச் சேர்ந்தவன் என்கின்றார். அவன் மலாக்காவிலிருந்து போர்ச்சுகல் சென்று, அங்கிருந்து ஸ்பெயின் சென்று, அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தான். அங்கே அவன் பேசிய மலாய் மொழியைக் கேட்டு மறுமொழி கூறுவார் இருந்தனர். உலகத்தை ஏறக்குறைய முற்றும் சுற்றித் தன் மொழி வழங்கும் கடலுக்கு முதலில் மீண்டவன் அவ்வடிமையே. தாம் இறந்தபின் அவனுக்கு விடுதலை என்று மகெல்லன் எழுதி வைத்திருந்தார். அடுத்து வந்த தலைவரோ அதனை நிறைவேற்ற மறுத்தார். பிகஃபெத்தாவின் ஒரு நாளைப் பற்றி அரசவையிலே ஆராய்ச்சி நடந்தது. என்ரிக்கின் பிறந்தநாள் எதுவென்று எழுதி வைத்தார் ஒருவருமிலர்.

நிற்க. மாலுமிகளின் கணக்கில் வந்த இவ்வேற்றுமை, பின்னர் ஒரு நாட்டின் கணக்காகவே நிலைத்துவிட்டது. 1565-இல் ஸ்பானியர் மெக்ஸிகோவிலிருந்து மேற்கே வந்து பிலிப்பைன்ஸில் குடியேறினர். தாங்கள் வந்த வழியின் தேதியையே கையாண்டனர். போர்ச்சுகீசியரோ ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கிழக்கே வந்து மக்காவில் அமர்ந்தனர். அவர்கள் தேதி வேறு. மணிலாவும் மக்காவும் சில நாட் பயணத்தில் உள்ள ஊர்கள். ஆயினும் மணிலாவில் சனிக்கிழமையாக இருக்கும்போது மக்காவில் ஞாயிற்றுக்கிழமை மணி ஒலிக்கும். ஏறத்தாழ 280 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

மெக்ஸிகோவிலிருந்து வெள்ளி ஏற்றி வந்த கப்பல்கள் 1815-இல் நின்றன. 1821-இல் மெக்ஸிகோ சுதந்தரம் பெற்றது. மணிலாவின் வர்த்தகம் சீனாவையும் அண்டை நாடுகளையும் நோக்கித் திரும்பியது. அமெரிக்கத் தேதியால் இனிப் பயனில்லை. ஆகவே கவர்னர் ஜெனரல் நர்ஸிஸோ க்ளவேரியா 1844 ஆகஸ்ட் 16-இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். அதன்படி 1844 டிசம்பர் 30, திங்கட்கிழமைக்கு மறுநாள் 1845 ஜனவரி 1, புதன்கிழமை ஆயிற்று. டிசம்பர் 31 என்ற செவ்வாய்க்கிழமை பிலிப்பைன்ஸில் பிறக்கவேயில்லை. அத்தேதியில் பிறந்த குழந்தைகளும் கிழவர்களும் அவ்வாண்டு பிறந்தநாளின்றியே ஒரு வயது கூடினர். அவர்கள் எக்கடலையும் கடக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கோடு அவர்களைக் கடந்து சென்றது.

1867-இல் ருஷியா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்றது. ருஷியர் சைபீரியாவிலிருந்து கிழக்கே வந்தவர். அவர்கள் கையாண்டதும் பழைய ஜூலியன் பஞ்சாங்கம். கைமாறிய அன்று பஞ்சாங்கமும் மாறியது, கோடும் மாறியது. அக்டோபர் 6, வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமையே. தேதியில் பதினொன்றைத் தாண்டினர்; கிழமையிலோ நின்ற இடத்திலேயே நின்றனர். இன்றும் பேரிங் ஜலசந்தியிலே டையோமீட் என்னும் இரு தீவுகள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒன்று ருஷியாவுக்கும் மற்றொன்று அமெரிக்காவுக்கும் உரியவை. இத்தீவிலிருந்து பார்ப்பவன் அத்தீவின் நாளையப் பொழுதைக் கண்ணாற் காண்கின்றான் என்று கூறுவது மிகையாகாது.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 தேசங்களின் பிரதிநிதிகள் கூடினர். கிரீனிச்சின் வழியே செல்லும் ரேகையே உலகத்தின் முதல் தீர்க்கரேகை என்று 22 தேசங்கள் வாக்களித்தன. சான் டொமிங்கோ எதிர்த்தது. பிரான்ஸும் பிரேஸிலும் வாக்களிக்கவில்லை. அம்மகாநாடே தேதிக் கோட்டையும் வரைந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தேதிக் கோட்டைக் குறித்து அங்கே தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. அக்கோட்டை விதிக்கும் உடன்படிக்கை இன்றுமில்லை. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எந்த நாள் வழங்க வேண்டுமென்று தானே முடிவு செய்கின்றது. அம்முடிவுகளைச் சேர்த்துத் தேசப்படம் வரைவோர் கோட்டை வளைத்துக் காட்டுகின்றனர். கற்பாறையிற் செதுக்கியது போல் நாம் கருதும் கோடு, உண்மையில் மணலிற் கீறியதே.

அம்மணற் கோட்டின் கதையை ஸமோவாத் தீவுகளைப் போல் எடுத்துக் காட்டுவது வேறில்லை. அங்கே பிறந்தநாளைப் பற்றிய இனிய வரலாறு ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்துக் கதாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் தம் இறுதிக் காலத்தை அத்தீவிலே கழித்தார். அங்கு உத்தியோகம் பார்த்த அமெரிக்கரான ஐட் என்பவருக்கு ஆன்னி என்றொரு மகள். அவள் பிறந்தது டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் பண்டிகையும் பிறந்தநாளும் ஒன்றாகவே வந்துவிடுவதால், தனக்கெனத் தனி நாளில்லை என்பது அச்சிறுமியின் குறை. இதைக் கேட்ட ஸ்டீவன்ஸன் 1891 ஜூனில் சட்ட முறைப்படி ஒரு சாசனம் எழுதினார். தமக்கு இனிப் பிறந்தநாளால் பயனில்லையென்றும், ஆகவே நவம்பர் 13 என்ற தம் பிறந்தநாளை அவளுக்கே உரிமையாக்குவதாகவும் அதில் கண்டது. நல்லுணவும் பரிசுகளும் கொண்டு அந்நாளை முறைப்படி அனுபவிக்க வேண்டும். தவறினால் அவ்வுரிமை அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்விடும் என்று நிபந்தனையும் விதித்திருந்தார்.

நகைச்சுவைக்காக எழுதியதுதான். எனினும் எண்ணிப் பார்க்குமிடத்து அதில் ஓர் உண்மை உண்டு. நாள் மனிதரின் ஏற்பாடேயாதலால், மனமிருந்தால் அதனை ஒரு குழந்தைக்குப் பரிசாகவும் அளிக்கலாம்.

மறு ஆண்டிலேயே அதே தீவில் அரசாங்கம் நாளைக் கையாண்டது. ஸான்பிரான்ஸிஸ்கோவுடன் வர்த்தகம் செய்த அமெரிக்க வியாபாரிகளின் தூண்டுதலால், ஸமோவா அரசர் அமெரிக்கப் பக்கத்துத் தேதியை ஏற்றார். அதற்காக 1892-இல் ஜூலை 4, திங்கட்கிழமை இருமுறை வந்தது. ஜூலை 4 அமெரிக்கரின் சுதந்தர தினம் என்பதை நேயர்கள் அறிவார்கள். லீப் ஆண்டாகிய அவ்வாண்டுக்கு ஸமோவாவில் 367 நாள்கள்.

நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. ஸமோவாவின் வர்த்தகம் ஆஸ்திரேலியாவையும் நியூஸிலாந்தையும் சார்ந்ததாயிற்று. அத்தீவினர் பல்லாயிரவர் அந்நாடுகளிற் குடியேறினர். ஸமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்குங்கால் நியூஸிலாந்தில் சனிக்கிழமை ஓய்வு. ஸமோவாவில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருக்கும்போது ஸிட்னியில் திங்கட்கிழமை வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள்கள் வீணாகின்றன என்று பிரதமர் துய்லாஎபா வாதித்தார். ஆகவே 2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை நள்ளிரவுக்குப் பின் டிசம்பர் 31, சனிக்கிழமை பிறந்தது. டிசம்பர் 30-இல் பிறந்தோர் அனைவரும் நம் கப்பற் செல்வரின் கதியை அடைந்தனர். ஒரு காலத்தில் வியாபாரத்துக்காக ஒரு நாளைப் பெற்ற தேசம், அதே வியாபாரத்துக்காக ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்தது. இதற்கிடையே, 1979-இல் சுதந்தரம் பெற்ற கிரிபாட்டி தேசம் தன் தீவுகளை இரு கூறாகப் பிளந்து நின்ற கோட்டை 1995 புத்தாண்டோடு கிழக்கே தள்ளிவிட்டது. தேசத்தின் ஒரு பகுதியில் திங்கட்கிழமையும் மறுபகுதியில் ஞாயிற்றுக்கிழமையுமாக இருப்பின் ஆட்சி எங்ஙனம் நடக்கும்?

ஸமோவாவில் அந்த வெள்ளிக்கிழமை மறைந்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. முதலாவது கூலியைப் பற்றியது. செக்ரோல் எழுதி வயிறு வளர்க்கும் நமக்கு முதலில் தோன்றுவதும் அதுவே. காலையில் பெரட்டுக்கு வந்து நின்றவனுக்குத்தான் பேர். பேர் விழுந்தால்தான் கூலி. இல்லாத நாளில் எவன் வேலைக்கு வருவான்? வராதவனுக்கு எவர் கூலி கொடுப்பார்? அவ்வரசாங்கம், அந்த வெள்ளிக்கிழமை வேலை செய்ய வேண்டியிருந்தோர்க்கு முழுக்கூலி கொடுக்க வேண்டும் என்று விதித்தது. நாளை மாற்றியது வர்த்தகத்தின் நன்மைக்காக. ஆதலின் அதன் நட்டம் உழைப்பவன் தலையில் விழலாகாது என்பது அதன் கருத்து. அச்சிறு தீவின் இந்நியாயத்தைப் பெரிய தேசங்களும் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி சமயத்தைப் பற்றியது. ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர் சனிக்கிழமையைப் புனிதமாகக் கருதுவோர். அரசாங்கம் ஒரு கிழமையை அகற்றியபின், பெயரளவில் சனிக்கிழமை எது, உண்மையில் ஏழாவதாக வருவது எது? அவர்களுடைய சபை ஸமோவாவில் ஞாயிறென்று பெயர் பெற்ற நாளையே ஏழாம் நாளாக ஏற்றது. சிலர் அதனை ஒவ்வாது பிரிந்து நின்றனர். அவர்களை நாம் நகைக்க வேண்டியதில்லை. நம்மவர் செவ்வாய்க்கிழமை ஆகாது, வெள்ளிக்கிழமை நல்லது, இன்ன நேரம் இராகுகாலம் என்று கணித்துக் கல்யாணத்துக்கும் பயணத்துக்கும் நாள் பார்க்கின்றனர். ஸமோவாவிலிருந்து அமெரிக்க ஸமோவாவுக்கு ஆகாய விமானத்தில் அரைமணிப் பயணம். இரு தீவிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டுகின்றது. ஆனால் அங்கே செவ்வாய், இங்கே புதன். அதே சூரியன், அதே காற்று, அதே நேரம். செவ்வாயின் தோஷம் அரைமணித் தூரத்தில் எங்கே போய்விடுகின்றது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். தேதிக் கோடு நமக்கு வெகுதூரம் என்று எண்ணுகின்றோம். அது நம் சரித்திரத்தையும் தொட்டுச் சென்றிருக்கின்றது.

முன்னர்க் குறித்த சம்பவம் இதுவே. எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் நமது காரியாலயத்துக்கு வந்தார். பேரன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் இளைஞன். பாட்டியின் பிறந்தநாளன்று அவரைக் கப்பலில் உல்லாசப் பயணம் அழைத்துச் செல்ல அவனுக்கு விருப்பம். அடையாளச் சீட்டில் ஜனவரி முதல் தேதி என்றிருந்தது. அது எவரோ ஒருவர் மதிப்பாக எழுதிய தேதி. “கிராணி ஐயா, இதுவரை யாரும் என் பிறந்தநாளைக் கேட்டதில்லை. சப்பான்காரன் முதல் குண்டு போட்டதற்கு மறுநாள் நான் பிறந்தேன் என்று என் அம்மா சொல்லுவார். அது என்ன தேதி என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார் மூதாட்டி. அவர் பிறந்தது கெடாவில், சுங்கை பட்டாணிக்கு அருகேயுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில்.

பேரன் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்து, “ஜப்பான் யுத்தத்தைத் தொடங்கியது 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஆகவே பாட்டி பிறந்தது டிசம்பர் 8” என்றான்.

அவன் கண்டது ஹவாய்த் தீவின் தேதி. பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்க நூல்களெல்லாம் டிசம்பர் 7 என்றே எழுதும். அதே வேளையில் மலாயாவில் டிசம்பர் 8, திங்கட்கிழமை பிறந்து நள்ளிரவும் கழிந்திருந்தது. கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கத் தொடங்கியது பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்று முன்னதாகவே. தேதியை மட்டும் பார்ப்பவனுக்கு ஏழு முந்தியது, எட்டுப் பிந்தியது. ஆதலின் நமது கடற்கரையில் நிகழ்ந்தது பெர்ல் துறைமுகத்துக்கு மறுநாள் நிகழ்ந்ததென்று பலர் மயங்குகின்றனர். உண்மையில் முதலிற் சுடப்பட்டது இந்நாட்டுக் கரையே. கோட்டுக்கு அப்பால் வாழும் வல்லரசின் நாட்காட்டி, கோட்டுக்கு இப்பால் இருந்த சிறுநாட்டின் முதன்மையை மறைத்துவிட்டது.

சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது அன்று காலை; அதாவது டிசம்பர் 8. மறுநாள் டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. அதுவே மூதாட்டியின் பிறந்தநாள் என்று நாம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம்.

அவர் பிறந்தபின்னும் இந்நாட்டில் காலம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டு டோக்கியோ நேரம் வழங்கியது. 1942 என்பதை 2602 என்று எழுதினர். 1945-இல் பழைய நேரம் திரும்பியது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியானதும், தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரைமணி முன்னே வைத்துப் புத்தாண்டை வரவேற்றனர். அவ்வரைமணி நம் நாட்டில் வாழப்படவேயில்லை. அதற்காக எவரும் முதுமை அடையவுமில்லை, இளமை பெறவுமில்லை.

ஆகவே, நாளும் மணியும் மனிதர் செய்த ஏற்பாடுகள். வர்த்தகமும் வலிமையும் அவற்றை இழுத்த இழுப்புக்கெல்லாம் வளைத்திருக்கின்றன. அதனால் அவை பயனற்றவை என்பது நம் கருத்தன்று. பலர் கூடி வாழ நாட்கணக்கு இன்றியமையாதது. ஆனால் அது புனிதமானதென்று அஞ்சவும் வேண்டியதில்லை. அதனை மாற்றுவோர் யாருக்காக மாற்றுகின்றனர் என்று கேட்கத் தயங்கவும் வேண்டியதில்லை. கப்பலில் ஒரு பிறந்தநாளை இழந்த செல்வருக்கு உண்மையில் நட்டமில்லை. மறு ஆண்டு அது திரும்பி வரும். என்ரிக்கைப் போலும் நம் தோட்டத்து முதியோர் பலரைப் போலும், பிறந்தநாளை எழுதி வைக்க ஒருவருமின்றி வாழ்ந்தோரே அதனை மெய்யாக இழந்தவர்கள். அவர்களுடைய நாளைக் கவர்ந்தது எந்தக் கடற்கோடுமன்று. ஆண்டாண்டாக அவர்கள் வேலை செய்த நாள்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்ட பேரேடுகளில், அவர்கள் பிறந்த நாளுக்கு மட்டும் இடமில்லாமற் போயிற்று. நேயர்கள் தத்தம் இல்லத்து முதியோரை இன்றே அணுகி, எந்த வெள்ளத்துக்குப் பின், எந்தத் துரை காலத்தில், எந்தத் திருநாளுக்கு முன் பிறந்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்பார்களாக. கணக்கிட்டுத் தேதி காண்பது கடினமன்று. கேட்பதற்கு அவர்கள் இருக்க வேண்டும்.

மூதாட்டி நாம் எழுதிக் கொடுத்த காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். பேரன் கோட்டின் கதையை அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். வாசற்படியில் நின்று, “கிராணி ஐயா, எங்கள் கப்பல் அந்தக் கோட்டுப் பக்கம் போகாதே?” என்று கேட்டார். பினாங்கும் லங்காவியும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், பாட்டி என்றோம். அப்படியானால் சரி என்று அவர் படியிறங்கிச் சென்றார்.